பஸ்ஸுக்கு நாலரை நட்சத்திரம், பஸ்ஸைப் பற்றிப் பேசும் வசதிக்கு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பஸ்ஸைப் பற்றிய மதிப்பீடு இல்லை. சிங்கப்பூர் பஸ்ஸுக்கு நட்சத்திரம் போடச் சொன்னால் அதிகம் யோசிக்காமல் நாலரை போடுவேன். குளிர்சாதனம் உண்டு, சக்கர நாற்காலி ஏறும், எத்தனை நிமிடத்தில் வரும் என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்பலாம். நான் மதிப்பிட வந்தது வேறொரு சேவையை. உங்கள் வட்டாரத்தில் ஒரு பஸ்ஸின் பாதையை மாற்றுகிறார்கள், நிறுத்துகிறார்கள், அல்லது வரவேண்டிய பஸ் வருவதே இல்லை. இதையெல்லாம் யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன நடக்கும்? இதுவும் நாம் வரியும் கட்டணமும் கொடுத்து வாங்கும் சேவைதான். காப்பிக்கடை ரொட்டி பிராட்டாவுக்குப் பக்கம் பக்கமாக ரிவியூ எழுதுகிறோம், இதற்கு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான்: சொன்னால் கேட்கிறார்கள், உண்மையாகவே கேட்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் முடிவெடுத்து அறிவித்த பிறகுதான் நமக்குச் சொல்லவே வாய்ப்பு வருகிறது. மற்றதை நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

யாரிடம் சொல்வது என்பதில் பலருக்கு இன்னமும் குழப்பம் இருக்கிறது. பஸ்ஸின் பக்கவாட்டில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று நினைக்கிறார்கள், சிலர் பாவம் ஓட்டுநரிடமே சண்டை போடுகிறார்கள். ஒரு காலத்தில் நிறுவனங்களுக்கு இதில் பெரிய பங்கு இருந்தது உண்மைதான். 2009லிருந்து பஸ் பாதைகளை மொத்தமாகத் திட்டமிடும் பொறுப்பை நிலப் போக்குவரத்து ஆணையம் எடுத்துக்கொண்டது. 2016ல் குத்தகை முறைக்கு முழுதாக மாறிய பிறகு எஸ்பிஎஸ் டிரான்சிட், எஸ்எம்ஆர்டி, டவர் டிரான்சிட், கோ-அஹெட் எல்லாருமே ஒப்பந்தப்படி பஸ்ஸை ஓட்டிக் கொடுப்பவர்கள். நாம் அட்டையைத் தட்டும்போது போகும் காசு அரசாங்கத்துக்கு, நிறுவனத்துக்குக் கிடைப்பது ஓட்டுவதற்கான கட்டணம். எந்தப் பாதை எங்கே திரும்ப வேண்டும் என்பது அவர்கள் கையில் இல்லை.

சரி, நகர மன்றம்? அது 1988ல் வந்த சட்டப்படி நாம் தேர்ந்தெடுத்த எம்பிகள் நடத்துவது, ஆனால் அதன் எல்லை மின்தூக்கி, தாழ்வாரம், குப்பைத்தொட்டி, புளோக்குக்கு அடிக்கும் சாயம், அவ்வளவுதான். சமூக மேம்பாட்டு மன்றங்கள் ஐந்து இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர் உண்டு, பற்றுச்சீட்டு கொடுப்பதால் அந்தப் பெயர் இப்போது எல்லார் வீட்டிலும் அடிபடுகிறது, ஆனால் பஸ்ஸுக்கும் மேயருக்கும் சம்பந்தம் இல்லை. மொத்தத்தில், வட்டார அளவில் நாம் வாக்குப் போட்டு அனுப்பிய எவருக்கும் ஒரு பஸ் பாதையைத் தீர்மானிக்கும் அதிகாரம் கிடையாது. எம்பி கடிதம் எழுதலாம், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம். இரண்டுமே கேட்பதுதான். இதைப் புரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் குறையும்.

இப்போது ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம். நம் ஆட்கள் அதிகம் போவது மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு. வாரம் ஒரு மாலை, புளோக்கின் கீழ்த்தளத்திலோ பக்கத்து அறையிலோ நடக்கும், எண் வாங்கி உட்கார வேண்டும், முதலில் தொண்டூழியர் ஒருவர் நம் கதையைக் கேட்டு மடிக்கணினியில் தட்டச்சு செய்வார், பிறகு எம்பியைப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது, அடையாள அட்டையைக் கொண்டுபோனால் போதும். வீட்டு வாடகை, வேலை அனுமதி, பள்ளி இடம் என்று பெரிய பெரிய பிரச்சினைகளோடு ஆட்கள் உட்கார்ந்திருக்க, நாம் பஸ்ஸுக்காக வந்திருக்கிறோம் என்று சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கூச்சப்படாதீர்கள், அவர்களுக்கு அது பழக்கம்தான்.

ஒருமுறை பக்கத்து புளோக் பாட்டி ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன், எந்தத் தொகுதி என்று சொல்லத் தேவையில்லை. அவர் வழக்கமாகப் போகும் பஸ் இனி எங்கள் பக்கம் வராது என்று நிறுத்தத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். தொண்டூழியர் நல்ல பையன், தமிழும் பேசினார்.

"பாட்டி, அங்கே போக எம்ஆர்டி இருக்கே, இன்னும் சீக்கிரம் போயிடலாமே?"

"சீக்கிரம்தான் தம்பி. ஆனா கீழ இறங்கணும், நடக்கணும், மாறணும், மறுபடி மேல ஏறணும். பஸ்ஸுன்னா ஏறி உட்கார்ந்தா தேக்கா வந்துதான் எழுந்திருப்பேன். எனக்கு என்ன அவசரம்?"

அவர் சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தார். கடிதத்தின் நகலைப் பார்த்தபோது பஸ் சேவையைத் தொடருமாறு கோருகிறார், வயது இவ்வளவு, முகவரி இது என்று மட்டும் இருந்தது. உட்கார்ந்தே போகலாம் என்பதும் அவசரம் இல்லை என்பதும் எங்கேயும் இல்லை. யாரையும் குறை சொல்லவில்லை, படிவம் அப்படித்தான் எல்லாவற்றையும் ஒரு வரியாக்கும். ஆனால் திட்டமிடுபவருக்கு உண்மையில் தேவையான தகவல் அந்த விட்டுப்போன இரண்டு வாக்கியத்தில்தான் இருந்தது. பயண நேரம் எவ்வளவு குறையும் என்பது அவருக்கே கணக்குப் போட்டுத் தெரியும். மூட்டு வலிக்கு இடம் மாறுவது எவ்வளவு பெரிய வேலை என்பதைக் கணினி சொல்லாது.

இங்கே தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு அதிகாரத்துவ மொழி இருக்கிற நாடு, ஆனால் இந்த மாதிரி இடத்தில் தமிழில் விவரமாகப் பேச முடிவது அன்றைக்கு யார் தொண்டூழியராக வந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. வயதானவர்களை அனுப்பும்போது பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ கூடப் போவது நல்லது.

அடுத்தது ஒன்சர்விஸ் செயலி. 2015ல் வந்தது, எந்தத் துறைக்கு எந்தப் புகார் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே உருவாக்கினார்கள், அந்த நோக்கம் அருமையானது. உடைந்த இருக்கை, எரியாத விளக்கு, நடைபாதையில் கிடக்கும் மிதிவண்டி மாதிரி விஷயத்துக்குப் படம் எடுத்து அனுப்பினால் போதும். பஸ் பாதைக்கு இது பொருந்தாது என்பது என் கருத்து. உடைந்ததைப் படம் பிடிக்கலாம், வராத பஸ்ஸை எப்படிப் படம் பிடிப்பது?

இதில்தான் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாதையை வைப்பதா எடுப்பதா என்பதற்கு முக்கிய ஆதாரம் நாம் தட்டும் அட்டை. எத்தனை பேர் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், எல்லாம் துல்லியமாகத் தெரியும். வாக்குப் பெட்டியைவிட அதிகமாக நம் கருத்து பதிவாகும் இடம் அந்த இயந்திரம்தான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் போகாத பயணம் அதில் பதிவாகாது. இடைவெளி அதிகம் என்பதால் வீட்டிலேயே இருந்துவிட்ட முதியவர், பஸ் இல்லாததால் மகனின் காரில் போன அம்மா, மழையில் இருபது நிமிடம் நடந்து நிலையத்துக்குப் போன பணிப்பெண், இவர்கள் யாரும் கணக்கில் இல்லை. இடைவெளியைக் கூட்டினால் ஆள் குறையும், ஆள் குறைந்தால் பாதையை எடுக்க ஆதாரம் கிடைக்கும். இந்தச் சுழலை உடைக்க வட்டாரத்தில் யாராவது ஒருவருக்கு முன்கூட்டியே பேசும் உரிமை இருக்க வேண்டும்.

அப்படியென்றால் எதுதான் வேலை செய்கிறது? கூட்டம் சேர்ந்தால் வேலை செய்கிறது. 167ஆம் எண் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பவாங்கிலிருந்து அப்பர் தாம்சன் சாலை வழியாக நகருக்குள் புகுந்து புக்கிட் மேரா வரை போகும் நீளமான பாதை. தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை அதே தடத்தில் வந்ததும் பஸ்ஸில் ஆள் குறைந்தது. 2023 நவம்பரில் அறிவிப்பு வந்தது, டிசம்பர் 10 முதல் பஸ் கிடையாது என்று. எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பியது. அந்த டிசம்பர் 10 வருவதற்குள் முடிவு மாறி, பஸ் தொடரும், ஆனால் 30 நிமிடத்துக்கு ஒன்று என்றார்கள். கேட்டார்கள், அதற்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். ஆனால் அறிவிப்புக்கும் நிறுத்தத்துக்கும் நடுவில் சில வாரம்தான். அந்தச் சில வாரத்தில் எதிர்ப்பைத் திரட்டத் தெரிந்தவர்கள் அந்தத் தடத்தில் இருந்தார்கள். எல்லாத் தடத்திலும் இருப்பார்களா?

அதற்கு அடுத்த மாதமே சிம்ப்ளிகோ என்ற புதிய கட்டண முறையின் விவகாரம். பழைய முறை அட்டைகளை ஜூன் 1 முதல் நிறுத்தப் போவதாக 2024 ஜனவரி 9ஆம் தேதி அறிவித்தார்கள். தட்டியதும் மீதித்தொகை எவ்வளவு என்று திரையில் தெரியாதே என்று நாடே முணுமுணுத்தது. ஜனவரி 22ஆம் தேதி, அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்த சீ ஹொங் டாட் திட்டத்தைக் கைவிடுவதாகச் சொன்னார். பழைய முறையை நீட்டிக்க 40 மில்லியன் வெள்ளி கூடுதல் செலவு. முன்கூட்டியே நாலு காப்பிக்கடையில் ஆண்ட்டி, அங்கிள்களை உட்காரவைத்து மீதித்தொகை திரையில் தெரிய வேண்டுமா என்று கேட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இவை எல்லாவற்றுக்கும் தாத்தா புவாங்கோக் நிலையம். வடகிழக்குப் பாதை 2003 ஜூனில் திறந்தபோது 16 நிலையங்களில் இரண்டு மூடியே இருந்தன, அதில் ஒன்று புவாங்கோக். கட்டி முடித்து, விளக்கு போட்டு, பூட்டி வைத்திருந்தார்கள். சுற்றிலும் வீடுகள் போதாது, ஆள் வரமாட்டார்கள், நட்டம் வரும் என்று காரணம் சொன்னார்கள். 2005 ஆகஸ்ட்டில் அமைச்சர் ஒருவர் அந்த வட்டாரத்துக்கு வந்த அன்று, நிலையத்துக்கு வெளியே அட்டையில் வெட்டிய எட்டு வெள்ளை யானைகள், அதாவது செலவு பெரிது, பயன் இல்லை என்பதற்கான அடையாளம், நின்றன. பேச்சு இல்லை, கோஷம் இல்லை, எட்டு யானை மட்டும். போலிஸ் விசாரணை நடந்து கடைசியில் கடும் எச்சரிக்கையோடு முடிந்தது. 2006 ஜனவரி 15ஆம் தேதி நிலையம் திறந்தது. யானையால்தான் திறந்தது என்று நான் சொல்ல வரவில்லை, வீடுகளும் அதற்குள் கூடியிருந்தன. ஆனால் எத்தனையோ கடிதத்தை மறந்தவர்கள் அந்த யானைகளை இன்றும் மறக்கவில்லை. பூட்டிக் கிடந்த நிலையத்தைப் பற்றிப் பேச அங்கிருந்தவர்களுக்கு வழக்கமான வழி போதவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது.

கட்டணம் பற்றி நீட்ட வேண்டாம். அதைத் தீர்மானிப்பது 1987ல் அமைக்கப்பட்ட பொதுப் போக்குவரத்து மன்றம். உறுப்பினர்களை நியமிப்பவர் அமைச்சர். கல்வியாளர், தொழிற்சங்கத்தார், வர்த்தகத் துறையினர் என்று பலதரப்பட்டவர்களும் இருக்கிறார்கள், ஆனால் நான் இந்த வட்டாரத்துக்காகப் பேசுகிறேன் என்று சொல்ல அங்கே நாற்காலி இல்லை. சூத்திரம் ஒன்று உண்டு, விலைவாசி, சம்பளம், எரிசக்தி எல்லாம் அதில் போகும். 2023ல் 7%, 2024ல் 6%, 2025ல் 5% ஏறியது. சூத்திரப்படி இன்னும் அதிகம் ஏற வேண்டியதை ஒத்திவைத்து அரசாங்கம் மானியத்தால் நிரப்புகிறது. வெளிப்படையான கணக்கு, அதனால் எனக்கு இதில் பெரிய புகார் இல்லை. அடுத்து.

பெரிய திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். 2040ஆம் ஆண்டுக்கான நிலப் போக்குவரத்துப் பெருந்திட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோரிடம் கருத்துத் திரட்டி 2019ல் வெளியிட்டார்கள். அருகிலுள்ள அக்கம்பக்க மையத்துக்கு 20 நிமிடம், உச்ச நேரத்திலும் வேலைக்கு 45 நிமிடம் என்பது இலக்கு. கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? அந்தக் கூட்டத்தில் பசுமை, சௌகரியம், எல்லாரையும் அரவணைத்தல் என்று பேசி முடித்துக் கைதட்டலாம். என் புளோக் வாசலில் போகும் பஸ் இருக்குமா என்று அங்கே கேட்டால் சிரிப்பார்கள், அது அந்தக் கூட்டத்தின் வேலையும் இல்லை. அந்தக் கேள்விக்கான கூட்டம் வேறெங்கும் நடப்பதில்லை என்பதுதான் என் புகார்.

ஆனால் நம்மால் முடியாதது இல்லை. குறுக்குத் தீவு ரயில் பாதையை 2013ல் அறிவித்தபோது, அது மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியின் கீழே போகும் என்று தெரிந்ததும் இயற்கைச் சங்கம் எதிர்த்தது. அரசாங்கம் அவர்களோடு வருடக்கணக்கில் உட்கார்ந்து பேசியது. சுற்றுச்சூழல் ஆய்வைப் பொதுவில் வெளியிட்டது. இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள்: காட்டைச் சுற்றிப் போனால் சுமார் 2 பில்லியன் வெள்ளி கூடுதல் செலவு, பயண நேரம் 6 நிமிடம் அதிகம், நேராகப் போனால் 70 மீட்டர் ஆழத்தில் தோண்டுவார்கள். 2019 டிசம்பரில் நேர்வழியே என்று முடிவானது. எதிர்த்தவர்கள் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை, ஆனால் அவர்கள் பேசியதால் ஆய்வு செய்யும் முறையே மாறியது, எதற்கு என்ன விலை என்று எல்லாருக்கும் தெரிந்தது. காட்டுக்குச் செய்த இந்த மரியாதையில் பத்தில் ஒரு பங்கு பஸ் பாதைக்குச் செய்தால் போதும் என்கிறேன். ஆழ்துளை ஆய்வு வேண்டாம், ஒரு பக்கக் கணக்கு போதும்.

லண்டனில் மேயர்தான் போக்குவரத்து அமைப்பின் தலைவர், அவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022ல் நகரின் நடுப்பகுதியில் பல பஸ் பாதைகளைக் குறைக்கத் திட்டம் போட்டு, எந்தப் பாதை, எந்தத் தெரு என்று விவரமாக முன்வைத்துக் கருத்துக் கேட்டார்கள். பிறகு பெரும்பாலானவற்றைக் கைவிட்டார்கள். அங்கே பஸ் நம்மூர் மாதிரி நேரத்துக்கு வருமா என்பது வேறு விஷயம். கேட்கும் வரிசை சரி, முதலில் திட்டம், அடுத்து கேள்வி, கடைசியில் முடிவு.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். தீவு சிறியது, ஒரு பஸ் ஐந்தாறு தொகுதி வழியாகப் போகிறது. ஒவ்வொரு எம்பிக்கும் பாதையை இழுக்கும் அதிகாரம் கொடுத்தால் பஸ் எல்லா புளோக் வாசலிலும் நின்று நின்று, செம்பவாங்கிலிருந்து கிளம்பியவர் நகருக்கு வரும்போது தீபாவளியே முடிந்திருக்கும். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சேர்த்து வருடத்துக்கு 2 பில்லியன் வெள்ளிக்கு மேல் மானியம் போகிறது, காலி பஸ்ஸை ஓட்டுவதற்கு யாரோ பணம் கொடுக்கத்தான் வேண்டும். 2011 தேர்தலில் மக்கள் நெரிசலைப் பற்றிப் பொரிந்து தள்ளிய பிறகு 2012 வரவுசெலவுத் திட்டத்தில் 1.1 பில்லியன் வெள்ளி ஒதுக்கி 2017க்குள் 1,000 பஸ்களும் 80 புதிய பாதைகளும் கொண்டுவந்தார்கள். 2024ல் மறுபடியும் எட்டு ஆண்டுகளுக்கு 900 மில்லியன் வெள்ளி வரை என்று அறிவித்தார்கள், புதிய வட்டாரங்களுக்கு அது பெரிய உதவி. தேசிய அளவில் நம் வாக்குக்குப் பலன் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. வட்டார அளவில்தான் ஓட்டை.

அந்த ஓட்டைக்குள் இன்னொரு சின்னச் சிக்கல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. நிறுத்தம்வரை மழையில் நனையாமல் போகக் கூரை போட்ட நடைபாதை மாதிரி சின்னப் பணிகளுக்கான ஒரு நிதி குடிமக்கள் ஆலோசனைக் குழு என்ற அடித்தள அமைப்பு வழியாகப் போகிறது. எதிர்க்கட்சி வென்ற தொகுதியில் அடித்தள அமைப்புகளின் ஆலோசகர் வேறொருவர், நாம் வாக்குப் போட்டு அனுப்பியவர் இல்லை. அரசியல் பேச விருப்பம் இல்லை, ஆனால் கூரைக்கு யாரைப் பார்ப்பது என்ற கேள்விக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் பதில் மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, நட்சத்திரங்கள். மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு மூன்றரை, மனிதர் மனிதரோடு பேசுவதற்காக. செயலிக்கு, உடைந்த பொருளுக்கு நாலு, பஸ் பாதைக்கு இரண்டு. பெருந்திட்டக் கூட்டங்களுக்கு மூன்று. குறுக்குத் தீவுப் பாதை கலந்துரையாடல் முறைக்கு நாலரை. பாதை மாற்ற அறிவிப்பை நிறுத்தத்தில் ஒட்டும் முறைக்கு ஒன்றரை, அதுவும் எழுத்து பெரிதாக இருப்பதால். மூன்று மாதம் முன்னதாக, எத்தனை பேர் ஏறுகிறார்கள், மாற்று வழியில் எத்தனை நிமிடம், எத்தனை படி, எத்தனை மாற்றம் என்று போட்டு, சமூக மன்றத்தில் நாலு மொழியிலும் ஒரு மாலை பேசவிட்டால் நானே நாலுக்கு ஏற்றிவிடுவேன்.

நீங்கள் புகார் எழுதுவதாக இருந்தால் சில உபாயம். நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணைக் குறிப்பிடுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி என்று எழுதுங்கள். பஸ் வேண்டும் என்று மட்டும் எழுதினால் மாற்று வழியைச் சொல்லிப் பதில் வரும், அதனால் அந்த மாற்று வழி ஏன் சரிப்படாது என்பதை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்: எத்தனை முறை மாறணும், எங்கே உட்கார இடம் இல்லை, யாருக்கு முடியாது. மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போனால் கடிதத்தை அனுப்பும் முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லலாம், தவறாக நினைக்கமாட்டார்கள். அப்புறம், தனியாகப் போகாதீர்கள். அதே நிறுத்தத்தில் காத்திருக்கும் மலாய்க்கார மக்சிக்கையும் சீன அங்கிளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.